எஸ்-சீரோவில் உட்கார்ந்திருந்த எண்

கம்பைலரைப் பற்றி யாராவது என் முன்னால் இளக்காரமாகப் பேசினால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். "நாம எழுதுறத மெஷினுக்குப் புரியிற மாதிரி மாத்திக் குடுக்குது, அவ்வளவுதானே?" என்பார்கள். அவ்வளவுதானாம்! நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் பல வருடம் சம்பளம் வாங்கினேன். அலவத்துகொடையில் கராம்பு காய வைக்கிற ஓர் அறைக்குள் நின்ற அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

எனக்கு நாவலப்பிட்டி. கண்டியில் ஒரு சின்ன அலுவலகத்தில், இயந்திரங்களுக்குள் இருக்கும் சிப்புகளுக்கு நிரல் எழுதுவது வேலை. என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்கிறவள் அலவத்துகொடைப் பெண். என்னை விட இளையவள். என்னை அக்கா என்பாள். நான் அவளைத் தங்கச்சி என்பேன். நான் முன்கோபக்காரி, அவள் அழுத்தக்காரி. நான் கத்துவேன், அவள் கத்த மாட்டாள், ஆனால் சொன்னதைச் சாதிக்காமல் விட மாட்டாள்.

அப்படித்தான் தன் வாப்பாவிடமும் சாதித்தாள். அவர்களுக்குக் கராம்பு மரங்கள் உண்டு. பறித்த மொட்டை வெயிலில் காயப் போடுவார்கள். மழை வந்தால் பின்கட்டு அறையில் விறகடுப்பு மூட்டி, மேலே தட்டு கட்டிக் காய வைப்பார்கள். அதில் புகை நாற்றம் ஏறிவிடும். "விறகு வேணாம் வாப்பா, நான் கரண்டுல செஞ்சு தாறன்" என்று நோன்பு மாதம் முழுவதும் அவர் காதைத் தின்றாள். கடைசியில் அவர் அந்த அடுப்பை இடித்தே விட்டார். இடித்த இடத்தில் இரும்புச் சட்டம் அடித்து, தட்டுகள் அடுக்கி, கீழே சூடேற்றும் கம்பிச்சுருளும் காற்றாடியும் வைத்தார்கள். சூட்டை அளந்து, ஐம்பத்தைந்து பாகைக்குக் குறைந்தால் சுருளைப் போட்டு, கூடினால் நிறுத்துகிற பெட்டியை நானும் அவளும் செய்தோம்.

அவளுடைய நானாவுக்கு, அதாவது அண்ணனுக்கு, இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "அடுப்பு இருந்தா நெருப்பாவது கண்ணுக்குத் தெரியும். இதுல என்ன தெரியும்?" என்றார். வாப்பா அதற்குச் சொன்ன பதில் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். "இது என்ட மகள் செஞ்ச மெஷின். வேல செய்யும்."

இரண்டு தட்டுக் கராம்பை வைத்து ஓட்டிப் பார்த்தோம். அருமையாக வேலை செய்தது. வாப்பாவுக்கு ஒரே ஒரு குறைதான். பெட்டியின் சின்னத் திரையில் எல்லாம் ஆங்கிலத்தில் ஓடியது. "எனக்கி இது வாசிக்கேலா மகள். தமிழ்ல போடேலாதா?" என்றார். ஏன் போட முடியாது? போட்டோம். அந்தத் திரைக்குத் தமிழ் எழுத்து கிடையாது. ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாக நாங்களே வரைந்தோம். 'இ'யை மட்டும் எத்தனை தரம் வரைந்தோம் என்று கேட்காதீர்கள், நண்டு மாதிரியே வந்தது. வரைந்ததையெல்லாம் எண்களாக மாற்றி நீளமான அட்டவணை ஆக்கினோம். அந்த அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் கம்பைலர் ஓர் எச்சரிக்கை கொடுத்தது. தவறு என்று சொல்லவில்லை, சும்மா தொணதொணப்பு. திரை முழுக்க மஞ்சள் மஞ்சளாக ஓடியது. எரிச்சல் தாங்காமல் எச்சரிக்கைகளையே நிறுத்தி வைத்தோம். நிரலும் பெருத்துவிட்டதால் இரண்டு கோப்பாகப் பிரித்தாள் அவள். சூட்டைப் படிப்பதும் ஐம்பத்தைந்து என்று சொல்லிக் கொடுப்பதும் ஒரு கோப்பில். சுருளைப் போட்டு நிறுத்துவதும் திரையில் எழுதுவதும் இன்னொன்றில். திரும்ப ஓட்டிப் பார்க்காமலே பெட்டியைக் கொண்டுபோய் மாட்டினாள்.

அந்த வருடம் தை பிறந்தும் மழை விடவில்லை. பறித்த கராம்பு முழுவதையும் நம்பித் தட்டுகளில் ஏற்றிவிட்டார்கள். சனிக்கிழமை காலை எனக்கு ஃபோன் வந்தது.

"அக்கா, சூடு ஏறுதில்ல."

அவள் குரலில் பயத்தைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். சூட்டை அளக்கிற சென்சர்? சரி. காற்றாடி? சுற்றுகிறது. சுருள்? நேரே கரண்ட் கொடுத்தால் சிவக்கிறது. அப்புறம் என்ன கேடு என்று வாய்க்குள் திட்டிக்கொண்டு மடிக்கணினியைத் தூக்கிப் பையில் போட்டேன். கண்டியில் இறங்கி மாத்தளை பஸ் பிடித்தேன். அக்குறணையில் ரோட்டில் தண்ணீர் ஏறி பஸ் நின்றுவிடுமோ என்று வழி முழுக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். நல்ல காலம், ஏறவில்லை.

கராம்பு அறைக்குள் கால் வைத்ததும் எனக்குக் கவலை கூடிவிட்டது. உலர்ந்த கராம்பின் காரமான வாசம் அங்கே இல்லை. ஈரப் பச்சை வாசம்தான் இருந்தது. தட்டில் கையை வைத்தால் சில்லென்று, பிசுபிசுப்பாக இருந்தது. இப்படியே இன்னொரு நாள் கிடந்தால் மொட்டு வெளுத்துப் பூஞ்சணம் பிடித்துவிடும். அந்த வருடத்துக் கராம்பு முழுவதும் அங்கேதான் கிடந்தது, திரும்பிப் போக அடுப்பும் இல்லை. அவள் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"சுருளுக்கு நேரா கரண்டக் குடுப்பம்," என்றார் நானா. "பெட்டியும் வேணாம், ஒண்டும் வேணாம்."

"குடுத்தா கருகிப் போகும். எண்ணெய் போயிரும். பொறகு அது கராம்பா, கரியா?" என்றார் வாப்பா. ஆனால் அவருக்கும் வேறு வழி தெரியவில்லை. என்னைப் பார்த்தார். "மகள், நான் அஸர் தொழப் போறன். வந்து பாக்கக்க சரிவரல்லண்டா அவன் சொல்றதத்தான் செய்ய வேணும்."

போகும்போது திரையைக் குனிந்து வாசித்தார். நாங்கள் வரைந்த எழுத்தில், 'இப்போது 24.4' என்றும் அதற்குக் கீழே 'வேண்டியது 24.4' என்றும் இருந்தது. அந்த நிலையிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"உங்கட மெஷின் பெரிய சபூர்காரன், மகள், அவ்வளவு பொறும. உள்ளதே போதுமெண்டு அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கிட்டு குந்தி ஈக்குது."

அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு முதலில் மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஐம்பத்தைந்து என்று நாங்கள் எழுதி வைத்திருக்கிறோம். அது எப்படி இருபத்து நாலு தசம் நாலு ஆகும்?

"நீ மாத்தினியா?" என்று கேட்டேன்.

"அல்லாவே, இல்லக்கா. பாருங்க, ஐம்பத்தஞ்சுண்டுதான் ஈக்குது," என்று நிரலைக் காட்டினாள். இருந்தது. கொட்டை எழுத்தில் இருந்தது.

"அந்த சென்சர விரலால கொஞ்சம் பிடி."

பிடித்தாள். உடம்புச் சூடு ஏறியது. 'இப்போது' இருபத்தைந்து ஆனது. 'வேண்டியது'ம் இருபத்தைந்து ஆனது. இருபத்தாறு, அதுவும் இருபத்தாறு. கடைசித் தசமம் வரைக்கும் இரண்டும் ஒட்டிக்கொண்டே ஏறின. விரலை எடுத்தாள். இரண்டும் கைகோத்தபடி இறங்கின. எனக்குக் கையில் மயிர் கூச்செறிந்தது. பேய் பிசாசெல்லாம் நம்பாத ஆள் நான். ஆனால் நான் கொடுத்த எண்ணைத் தூக்கி எறிந்துவிட்டு, அந்த நேரத்துச் சூடு எவ்வளவோ அதையே 'எனக்கு வேண்டியது இதுதான்' என்று அந்தச் சிப்பு சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது?

நிரலை இன்னொரு தடவை வாசிப்பதில் பயனில்லை என்று தெரிந்தது. நாங்கள் எழுதியதைக் கம்பைலர் என்னவாக மாற்றியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். சிப்பு செய்யும் ஒவ்வொரு சின்னக் காரியத்தையும் வரிவரியாகக் காட்டும் அந்தப் பட்டியலை நான் பல்கலைக்கழகத்தில் ஒரு தடவை பார்த்தது, அதோடு சரி. காலித் தட்டு ஒன்றைக் கவிழ்த்து அதன் மேல் கணினியை வைத்துத் திறந்தேன்.

இதைக் கொஞ்சம் விளக்கினால்தான் நான் ஏன் வாயடைத்துப் போனேன் என்று புரியும். நிரலின் ஒரு பகுதி இன்னொரு பகுதியைக் கூப்பிட்டு ஓர் எண்ணைக் கொடுக்க வேண்டும் என்று வையுங்கள். சிப்புக்குள் ரெஜிஸ்டர் என்று சின்னச் சின்ன இடங்கள் உண்டு. ஒன்றில் ஓர் எண்தான் கொள்ளும். எங்கள் சிப்பில் அவை இரண்டு வரிசை. ஐந்து, ஐம்பத்தைந்து மாதிரி முழு எண்களுக்கு ஒரு வரிசை. அதில் முதல் இடத்துக்குப் பெயர் ஆர்-சீரோ. இருபத்து நாலு தசம் நாலு மாதிரிப் புள்ளி வைத்த எண்களுக்கு வேறு வரிசை. அதில் முதல் இடம் எஸ்-சீரோ. கொடுக்கிற எண் முழு எண் என்றால் கம்பைலர் அதை ஆர்-சீரோவில் வைக்கும். புள்ளி எண் என்றால் எஸ்-சீரோவில் வைக்கும். வாங்குகிற பகுதி, தனக்கு எந்த வகை எண் வேண்டுமோ அந்த வரிசையில் போய் எடுக்கும். புள்ளி எண்ணாக ஒரு விடையைத் திருப்பிக் கொடுப்பதென்றாலும் அதே எஸ்-சீரோவில்தான் வைத்துவிட்டுப் போகும். இன்ன இடத்தில் வைத்தேன் என்று யாரும் யாரிடமும் சொல்வதில்லை. வைப்பதும் எடுப்பதும்தான்.

பட்டியலில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தேன். முதலில் சூட்டைப் படிக்கும் பகுதி ஓடுகிறது. படித்த இருபத்து நாலு தசம் நாலை எஸ்-சீரோவில் வைத்துவிட்டுப் போகிறது. அடுத்த வரியில், ஐம்பத்தைந்தை எடுத்து வைக்கிறது. எங்கே?

ஆர்-சீரோவில்.

"தங்கச்சி, இங்க வா! இத வாசி!" நான் கத்திய கத்தலில் நானா வாசலுக்கு ஓடி வந்துவிட்டார்.

சுருளைப் போடும் பகுதி மற்றக் கோப்பில் இருக்கிறது. அதற்கு வேண்டியது புள்ளி எண். அது சட்டப்படி எஸ்-சீரோவுக்குப் போகிறது. அங்கே என்ன இருக்கிறது? சற்று முன்னால் படித்த சூடு, எழுப்பி விட ஆளில்லாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அதை எடுத்து 'வேண்டியது' என்று வைத்துக்கொள்கிறது. இப்போதைய சூட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. இரண்டும் ஒன்றே. வேண்டியது கிடைத்துவிட்டது, சுருள் எதற்கு? ஐம்பத்தைந்தோ ஆர்-சீரோவில் தன்னந்தனியாகக் காத்துக்கொண்டிருக்கிறது. கேட்பாரில்லை.

"ஏனக்கா அது அங்க வச்ச?" என்றாள் அவள்.

ஏனென்றால் நாங்கள் எழுதியது வெறும் ஐம்பத்தைந்து, புள்ளி வைக்கவில்லை. ஒரே கோப்பாக இருந்தபோது, அந்தப் பகுதி புள்ளி எண்தான் கேட்கிறது என்பது கம்பைலரின் கண் முன்னாலேயே இருந்தது. அதுவாகவே ஐம்பத்தைந்தைப் புள்ளி எண்ணாக மாற்றி எஸ்-சீரோவில் வைத்தது. நாங்கள் கேட்கவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. கோப்பைப் பிரித்த பிறகு, அடுத்த கோப்பில் இருப்பது என்ன வகை எண் கேட்கும் என்று முதல் கோப்புக்குச் சொல்ல ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. கம்பைலர் சொல்லியிருக்கும், அதன் வாயைத்தான் தமிழ் எழுத்துக்காகக் கட்டி வைத்திருந்தோமே. ஒரு கோப்பைப் படிக்கும்போது மற்றக் கோப்பு அதற்குத் தெரியாது. தெரிந்ததை வைத்துச் சட்டப்படி நடந்துகொண்டது. வாங்குகிற பக்கமும் சட்டப்படியே நடந்துகொண்டது. தப்பு செய்தவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

அந்த ஒரு வரியை அவள்தான் எழுதினாள். கம்பைலரிடம் திரும்ப மாற்றக் கொடுத்துவிட்டுப் பட்டியலைத் திறந்தேன். அதே இடத்தில், ஐம்பத்தைந்து இப்போது தசம் பூஜ்யத்தோடு, எஸ்-சீரோவில். வேறு எதுவும் மாறவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, அந்த வரியைப் பார்த்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. என் தொழிலில் நான் எழுதிய எத்தனையோ நிரல்கள், எத்தனையோ கோப்புகள். ஒவ்வொன்றும் தனித்தனியாக மாற்றப்பட்டவை, ஒன்றை ஒன்று பார்த்ததே கிடையாது. யாரோ முன்பின் தெரியாதவர்கள் எழுதி வைத்த பகுதிகளையும் அவற்றோடு சேர்த்து ஓட விட்டிருக்கிறேன். அத்தனையும் கூப்பிட்ட நேரத்தில், கூப்பிட்ட எண்ணை, சரியான இடத்தில் வைத்து எடுத்துக்கொண்டு ஓடியிருக்கின்றன. என் கைப்பேசிக்குள்ளும் அதுதான் நடக்கிறது. இந்த ஏற்பாட்டின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் நான் இவ்வளவு காலம் கெட்டிக்காரி என்று பீற்றிக்கொண்டிருந்தேன். அட மண்ணாங்கட்டி! எனக்கு அழுகை வந்தது, கும்பிட வேண்டும் போலவும் இருந்தது.

"அக்கா, ஏத்துவமா?" என்று அவள் தோளைத் தொட்டாள்.

ஏற்றினோம். திரை ஒரு தடவை இருண்டு வெளிச்சமானது. 'இப்போது 24.4. வேண்டியது 55.0.' பெட்டிக்குள் டக்கென்று ஒரு சத்தம். கீழே சுருள் மெல்லச் சிவந்தது. அவள் தரையில் குந்தி உட்கார்ந்து, முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டு அழுதாள். நானா வாசலில் நின்றவர், உள்ளே வந்து அவள் தலையில் லேசாகத் தட்டிவிட்டு, "சரி சரி, எழும்பு. வாப்பா வந்துட்டார்," என்றார்.

வாப்பா குடையை மடக்கிக்கொண்டே திரையைப் பார்த்தார். முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. மேல் தட்டுக்கு மேலே கையை நீட்டிக் காற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகுதான் என்னிடம், "என்ன கொழறு மகள்?" என்றார்.

நான் எப்படிச் சொல்வேன்? "அங்கிள், நாவலப்பிட்டியில நாங்க பஸ்ல பார்சல் ஏத்தி விடுவோம்ல? டிரைவருக்குப் பக்கத்துல எஞ்சின் பெட்டி மேலதான் வைப்போம். கண்டியில எடுக்க வர்றவங்களும் அங்கதான் பார்ப்பாங்க. சொல்லவே தேவையில்ல. நாங்க இந்தத் தடவ அந்த மாதிரி வைக்கல."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப நீங்க பின் சீட்டுல வச்சிட்டீங்க. இறக்க வந்தவன் முன்னுக்குப் பாத்து, ஆரோ விட்டுட்டுப் போன பார்சலத் தூக்கிட்டுப் போயிட்டான்."

"அதேதான் அங்கிள்! அச்சு அசலா அதேதான்!"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார்: "அந்த எடத்துலதான் வைக்க வேணுமெண்டு ஆரு சொன்ன?"

"தெரியல அங்கிள். யாரோ நாலு பேர் எங்கேயோ உட்கார்ந்து பேசி முடிவு பண்ணியிருப்பாங்க. அதுக்கப்புறம் எல்லாரும் அப்படியே செய்றாங்க."

"எல்லாருமா?"

"இந்த மாதிரி சிப்புக்கு எழுதுற எல்லாரும்."

"பேரும் தெரியாதா?"

"தெரியாது."

நான் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கிளம்பும்போது திரை ஐம்பதைத் தாண்டியிருந்தது. அறைக்குள் லேசாகக் காரம் பிடிக்கத் தொடங்கியிருந்தது. ஆனால் ஈரம் குடித்துக் கிடந்த மொட்டு அது. மீளுமா, வெளுத்துப் போகுமா என்று விடிந்தால்தான் தெரியும் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபோன் வந்தது. அவள் எண்தான், ஆனால் பேசியது வாப்பா.

"மகள், கேளுங்க," என்றார். என்னவோ மெல்லிசாக முறிந்த சத்தம் கேட்டது. "கேட்டிச்சா? கராம்பு. நல்லாக் காஞ்சாத்தான் இப்பிடி முறியும். கீழ்த்தட்டுல கொஞ்சம் வெளுத்துப் போச்சு. மத்ததெல்லாம் நல்லம், புகை வாசமும் இல்ல. இவள்ட நானா, தெருவால போறவனையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுறான், தங்கச்சி செஞ்ச மெஷின் எண்டு."

"ரொம்ப சந்தோஷம் அங்கிள்," என்று மட்டும் சொன்னேன்.

"சுபஹு தொழுதுட்டு கையேந்தி துஆ கேட்டன் மகள். என்ட மகளுக்குக் கேட்டன். உங்களுக்குக் கேட்டன். பொறகு, அந்த எடத்துலதான் வைக்க வேணுமெண்டு பேசி வச்ச ஆளுகளுக்கும் கேட்டன். பேர் தெரியா. பரவால்ல, அல்லாவுக்குத் தெரியுந்தானே."